ஷார்ட் ஸ்கேல் பேஸ் தேடி என் கை பட்ட பாடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு ஷார்ட் ஸ்கேல், அதாவது கம்பி நீளம் குறைந்த பேஸ் கிட்டார் வாங்க நினைக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் தேடிய காலத்தில் கேட்க ஆளில்லை. கடைக்காரர்களுக்கும் தெரியவில்லை, கூட வாசிக்கிறவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் என் கைக்கு ஒத்துப்போகிற, எனக்கு மிகவும் பிடித்த ஒரு பேஸ் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் 10,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது, ஒரு கிறிஸ்துமஸ் சீசன் முழுக்க வாசிக்க முடியாமலும் போனது. இன்றுவரை மனதில் கிடப்பது அந்த இரண்டாவது இழப்புதான்.

மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் சபையில் பாடகர் குழுவுக்கு பேஸ் வாசிக்கிறேன். நான் உயரம் குறைவு, கையும் சின்னது. சபைக்குச் சொந்தமான பேஸ் வழக்கமான 34 அங்குல நீளம், எடையும் அதிகம். இந்த 34 அங்குலம் என்பது முழு கிட்டாரின் நீளம் இல்லை. நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை) பிரிட்ஜ் வரை (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) கம்பி அதிர்கிற நீளம், அதைத்தான் ஸ்கேல் என்கிறார்கள். ஷார்ட் ஸ்கேல் என்றால் பெரும்பாலும் 30 அங்குலம். நான்கு அங்குலத்தில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்த உலோகக் கோடுகளுக்கு நடுவே விரல் வைக்கிற இடம்தான் ஃப்ரெட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டின் அகலம் ஏறக்குறைய 48 மில்லிமீட்டர், 30 அங்குலத்தில் 43. நட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை எடுத்தால் 178 மில்லிமீட்டர் 157 ஆகக் குறைகிறது. இரண்டு சென்டிமீட்டர் குறைவு. சின்னக் கைக்கு அது பெரிய விஷயம்.

சபையில் வாசிக்கிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். எங்கள் ஆராதனையில் பாதிப் பாட்டு எஃப், பி ஃப்ளாட் சுருதியில்தான் ஓடும். சபையார் எல்லோரும் சேர்ந்து பாட அதுதான் வசதி. பேஸின் நான்கு கம்பிகளில் மிகத் தடித்தது ஈ (E), அடுத்தது ஏ (A). அடி எஃப், அதாவது மிகத் தாழ்ந்த எஃப், இருப்பது ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டில், பி ஃப்ளாட் ஏ கம்பியின் முதல் ஃப்ரெட்டில். மேலே ஏறி வாசிக்கலாமே என்பார்கள். ஏ கம்பியின் எட்டாவது ஃப்ரெட்டில் எஃப் உண்டுதான், ஆனால் அது ஒரு ஆக்டேவ் மேலே. பாட்டைத் தாங்கிப் பிடிக்கிற அந்த அடி எஃப் வேறு எங்கும் கிடையாது. ஆக, ஃப்ரெட்டுகள் எங்கே மிக அகலமோ அங்கேயேதான் கை முழு நேரமும் விரிந்து கிடக்கும். எனக்கு இடது மணிக்கட்டில் வலி தொடங்கி, பிறகு கட்டைவிரலின் அடி வரைக்கும் இறங்கியது. தேங்காய் துருவ முடியாது, பிள்ளையின் தலை பின்னிவிட முடியாது. நாகர்கோவிலில் பார்த்த டாக்டர், கையை இப்படி விரித்து மடக்குவதைக் குறைக்காவிட்டால் மாத்திரையால் மட்டும் தீராது என்று சொல்லிவிட்டார். வாசிப்பை விடு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது அப்படித்தான்.

அப்புறம்தான் ஷார்ட் ஸ்கேல் என்று ஒன்று இருப்பதே ஒரு வீடியோவில் தெரிந்தது. நாகர்கோவில் கடைகளில் விசாரித்தேன். கீபோர்டு, அக்கூஸ்டிக் கிட்டார், கஹோன் எல்லாம் இருக்கிறது, பேஸ் என்றால் ஒன்றோ இரண்டோ, அதுவும் 34 அங்குலம். ஒரு கடையில் பெரியவர் ஒருவர், “அது கொச்சுப் பிள்ளையளுக்கு உள்ளதாக்கும் மக்களே, உனக்கு எதுக்கு?” என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள், அதனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ்தான் 34 அங்குலத்தைப் பழக்கப்படுத்தியது. அதற்கு இரண்டு வருடம் கழித்து கிப்சன் செய்த முதல் எலக்ட்ரிக் பேஸ் 30.5 அங்குலம். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் பேஸ் 30 அங்குலம். கிரீம் குழுவின் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் ஈபி-3யும் குட்டை ஸ்கேல்தான். ஃபெண்டரே 1966இல் 30 அங்குல மஸ்டாங் பேஸைக் கொண்டுவந்தது. மாணவர்களை மனதில் வைத்துச் செய்த மாடல்களும் இதில் உண்டு, அது உண்மை. அதனால் பெரியவர்கள் வாசிக்கக் கூடாது என்று ஆகிவிடாது.

கடையில் கிடைக்காததால் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 14,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அதிகம் கேள்விப்படாத பிராண்டு. ‘30 அங்குலம், ஷார்ட் ஸ்கேல், சின்னக் கைகளுக்கு ஏற்றது’ என்று போட்டிருந்தது, படமும் அழகாக இருந்தது. நாங்கள் சீட்டுப் போட்டு எடுத்த பணம் அது. பெட்டியைப் பிரித்து மடியில் வைத்து அடி எஃப்பைப் பிடித்தபோது விரல் வலிக்காமல் போய் உட்கார்ந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வலியில்லாத ஒரு எஃப். சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிரச்சினை எழுந்து நின்றபோது தொடங்கியது. ஸ்ட்ராப்பை மாட்டி நின்றதும் கிட்டாரின் தலை மெல்ல மெல்லத் தரையைப் பார்த்துச் சரிந்தது. தூக்கிவிட்டால் திரும்பவும் இறங்கும். இடது கையால் நெக்கைத் தாங்கிக்கொண்டேதான் வாசிக்க வேண்டும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் பழைய வலி அப்படியே திரும்பி வந்துவிட்டது. எந்த மணிக்கட்டைக் காப்பாற்ற அதை வாங்கினேனோ, அதே மணிக்கட்டின் மேல்தான் அதன் எடை முழுக்க இறங்கியது. நாகர்கோவிலில் கிட்டார் பழுது பார்க்கிற ஒரு அண்ணன் அதைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இதுக்க தல கீழ போவுது மக்களே. இத வச்சி நின்னு வாசிக்க ஒக்காது” என்றார். ஸ்ட்ராப் மாட்டுகிற மேல் கொம்பு பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் வரைக்கும் நீண்டிருந்தால் கிட்டார் சமநிலையில் நிற்கும், கொம்பு குட்டையாக இருந்து, உடல் மெலிசாக இருந்து, தலையில் கம்பியை முறுக்குகிற பெரிய இரும்புச் சாவிகளும் இருந்தால் கட்டாயம் தலை தொங்கும் என்று அவர்தான் விளக்கினார். ஷார்ட் ஸ்கேலில் இந்தத் தொல்லை அடிக்கடி வருவதற்குக் காரணமும் அதுதான்: எடையைக் குறைக்க உடலைச் சின்னதாக்குவார்கள், சாவிகளோ பெரிய பேஸில் இருப்பவையே. இரட்டைக் கொம்பு வைத்த எஸ்ஜி வடிவப் பேஸ்களுக்கு இந்தப் பேர் உலகம் முழுக்க உண்டு.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இது. உட்கார்ந்து வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்ட்ராப்பை மாட்டி நில்லுங்கள், நெக்கைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு கையையும் விட்டுவிடுங்கள். வைத்த இடத்தில் நிற்கிறதா, சரிகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் சரிந்தால், உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப் போட்டுச் சமாளிக்கலாம். எடை குறைந்த சாவிகளை மாற்றினாலும் ஓரளவு குறையும். தரையைப் பார்த்து விழுகிற அளவுக்கு இருந்தால் அதை வாங்கவே வேண்டாம்.

விற்றவரிடம் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். உடைந்து வந்தால் மட்டும்தான் எடுப்போம், பிடிக்கவில்லை என்பதற்கு எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. அந்த நிபந்தனை வலைப்பக்கத்தில் எங்கோ அடியில் இருந்ததாம். எத்தனை முறை எழுதியும் அதே வரிதான் திரும்பி வந்தது. ஆன்லைனில் வாங்குவதானால் பணம் கட்டும் முன்பே “வாசித்துப் பார்த்து ஒத்துவராவிட்டால் திருப்பி எடுப்பீர்களா, கூரியர் செலவு யாருடையது?” என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவே கம்பிப் பிரச்சினை வேறு. கூட வந்திருந்த கம்பிகளில் ஈ கம்பி தொளதொளவென்று இருந்தது. மெதுவாகத் தட்டினாலும் ஃப்ரெட்டில் அடித்து இரையும். புதுக் கம்பி கேட்டுப் போன கடையில், பேஸ் கம்பி எல்லாம் ஒன்றுதான் என்று 2,100 ரூபாய்க்கு ஒரு செட் கொடுத்தார்கள். அது 34 அங்குலத்துக்கானது. பேஸ் கம்பி நட்டைத் தாண்டியதும் மெலியும், அந்த மெலிந்த பகுதிதான் சாவியில் சுற்ற வேண்டும். நீளக் கம்பியைக் குட்டை பேஸில் போட்டபோது மெலியாத தடித்த பகுதியே சாவிக்கு வந்து நின்றது, சாவியின் பிளவுக்குள் நுழையவில்லை. வெட்டிப் போட்டோம், உள்கம்பியைச் சுற்றியிருந்த சுருள் தளர்ந்து சத்தம் செத்துப்போனது. 2,100 ரூபாய் அப்படியே வீண். கம்பி வாங்கும்போது ஷார்ட் ஸ்கேல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு பிரிட்ஜில் கம்பி நுனியின் குண்டு நிற்கிற இடத்திலிருந்து நட் வரைக்கும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில மஸ்டாங் மாடல்களில் கம்பி உடலின் பின்பக்கத்திலிருந்து ஏறி வரும், அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் நீளம் தேவைப்படும்.

ஈ கம்பி ஏன் தொளதொளக்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரே கம்பியை ஒரே சுருதிக்குக் கட்டினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 34இலிருந்து 30 அங்குலத்துக்கு வந்தால் இழுவிசை 22 சதவீதம் குறைகிறது. 28.6 அங்குல பேஸ்களும் உண்டு, அதில் 29 சதவீதம் குறையும். இடது கைக்கு இது வரம், அழுத்தவே வேண்டாம். அடி ஈ கம்பிக்குத்தான் கஷ்டம். 100க்குப் பதில் 105 தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) போட்டாலோ, மேல் சுருள் தட்டையாக இருக்கிற ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்டாலோ நன்றாக இறுகி நிற்கும். ஐந்து கம்பி ஷார்ட் ஸ்கேல் என்று விளம்பரம் பார்த்தால் அடி பி கம்பியை வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஈ கம்பியையே இறுக்கமாக நிறுத்தப் பாடுபடும் நீளத்தில் அதற்கும் கீழே ஒன்று தெளிவாகக் கேட்பது கஷ்டம்.

டிசம்பர் வந்துவிட்டது. கேரல் ரவுண்ட்ஸ் என்றால் வீடு வீடாக நின்றபடி வாசிப்பது. தலை தொங்குகிற பேஸ், செத்துப்போன ஈ கம்பி, வீங்கின மணிக்கட்டு. அந்த வருடம் கீபோர்டு வாசிக்கிற தம்பி இடது கையால் பேஸையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டான். நன்றாகவே வாசித்தான். நான் பாடுகிறவர்களோடு பின்னால் நின்றேன். ‘உனக்கு எதுக்கு மைனி இந்தப் பாடு, பாட்டுப் பாடினாப் போதாதா’ என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. எனக்குப் போதாது. எல்லாப் பாட்டுக்கும் அடியில் நின்று அதைத் தூக்கிப் பிடிக்கிற அந்த வேலை என்னுடையது, அதைச் செய்ய முடியாமல் நிற்பது எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன்.

புது வருடத்தில் ஒரு முடிவு எடுத்தேன், இனி கையில் பிடித்துப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை என்று. திருவனந்தபுரத்தில் சொந்தக்காரர் வழியாகத் தெரிந்த ஒரு வாசிப்பாளரிடம் சில ஷார்ட் ஸ்கேல்கள் இருப்பதாகத் தெரிந்தது. குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் பக்கம்தான். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துத் தந்தார், நின்றும் உட்கார்ந்தும் அரைநாள் வாசித்தேன். இதை நான் முதலிலேயே செய்திருக்கும்படி யாராவது சொல்லியிருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்!

முதலில் ஐபனேஸ் மைக்ரோ, 28.6 அங்குலம். விரல்களுக்கு அவ்வளவு சுகம். எடையும் குறைவு, விலையும் தாங்கக்கூடியது. பள்ளிப் பிள்ளைக்கு வாங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அடி எஃப்பில் எனக்கு வேண்டிய உறுதி அதில் வரவில்லை. பாட்டு வேகமாகும்போது நான் கொஞ்சம் அழுத்தித் தட்டுவேன், கம்பி ஆடிவிடுகிறது. அடுத்து ஹோஃப்னரின் வயலின் வடிவ பேஸ். உள்ளே குழி என்பதால் மிக லேசு, அந்தச் சத்தம் எனக்குக் கண்ணில் நீர் வரவழைத்தது, உருண்டையாக, மரத்தின் வாசனையோடு வருகிற மாதிரி. வீட்டில் வாசிக்கவும் ரெக்கார்டிங்குக்கும் எனக்கு வசதி இருந்தால் ஒன்று வாங்குவேன். எங்கள் ஆலயத்தில் மானிட்டர் ஸ்பீக்கர் என் காலடியில் இருக்கும், குழி உடல் என்பதால் சத்தம் கூட்டினால் ஊளையிடத் தொடங்கும். அது எங்களுக்கு ஆகாது.

மூன்றாவது ஸ்குவையர் மஸ்டாங், ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டில் வருவது. 30 அங்குலம், நட் அகலம் 38 மில்லிமீட்டர், கனமான உடல், கைவிட்டால் வைத்த இடத்தில் நிற்கிறது. ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டு இரண்டு கையையும் விரித்து நின்றேன், அசையவில்லை. அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அடி எஃப் தடித்து, தெளிவாக வந்தது. 34 அங்குலத்தின் பியானோ மாதிரியான கூர்மை இதில் வராது, கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் வாசிக்கிறவர்களுக்கு ஒருவேளை திருப்தி இருக்காது. சபையார் பாடும்போது கீழே மெத்தென்று விரிகிற சத்தம்தான் எனக்கு வேண்டும், அது இதில் நிறைய இருக்கிறது.

புதிதாக வாங்கப் பணம் இல்லை. அதே மாடல் பழையது ஒன்று 26,000 ரூபாய்க்குக் கிடைத்தது. முதல் பேஸை வீட்டில் உட்கார்ந்து பழகுகிற ஒரு மாணவனுக்கு, தலை தொங்கும் என்று சொல்லியே 7,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். அதில் 7,500, கம்பியில் 2,100, வாசிக்கத் தோதாகச் சரிசெய்கிற செட்டப்புக்கு 1,000 என்று போனது போனதுதான்.

பழையது வாங்கும்போது விற்றவரை முதலில் வீடியோ காலில் கூப்பிட்டுச் சிலவற்றைச் செய்து காட்டச் சொன்னேன். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அது ஸ்கேலில் சரிபாதி. 30 அங்குல பேஸ் என்றால் 15 அங்குலம் காட்ட வேண்டும். அடுத்து ஸ்ட்ராப் மாட்டிக் கைவிட்டு நிற்கச் சொல்லுங்கள். டியூனர் வைத்து ஒவ்வொரு கம்பியிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற சுரம்) அதே ஃப்ரெட்டை அழுத்தின சுரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் இண்டோனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுருதி, சரி. பிரிட்ஜில் கம்பியைத் தாங்குகிற சேடிலை நகர்த்த இன்னும் இடம் மிச்சமிருக்கிறதா, நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்கிற ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். விலை குறைந்த புதுப் பேஸ்களில் நட்டின் காடி ஆழம் குறைவாக இருக்கும், அப்போது முதல் ஃப்ரெட்டில் அழுத்தக் கை கடுக்கும், எஃப் சுருதி ஏறிக் கேட்கும். இதைப் பேஸின் கோளாறு என்று நினைத்து விட்டுவிட வேண்டாம், தெரிந்தவர் கையில் கொடுத்தால் அராவிச் சரிசெய்துவிடுவார்.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நமக்கு உண்டு, நெக் மரம் ஈரத்துக்கு அசையும். மழைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடலைச் சேருகிற ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இருந்தால் போதும். அதிகமானால் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள். குளச்சல், முட்டம் பக்கம் திருவிழாக்களில் வாசித்துவிட்டு வந்தால் உப்புக்காற்று கம்பியில் படிந்திருக்கும். அன்றிரவே காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கம் வரை துடையுங்கள், பையில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்கள்.

கரண்டு விஷயத்தையும் விடக்கூடாது. பேஸ் இரைந்து, கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது வழக்கமானதுதான். தொடும்போது விரலில் சுள்ளென்று இழுத்தால் உடனே நிறுத்துங்கள், கட்டடத்தின் எர்த்திலோ, மாட்டியிருக்கிற கருவியிலோ கோளாறு இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்த பிறகு மட்டும் திரும்ப மாட்டுங்கள்.

இப்போது என் மஸ்டாங்கில் ஃப்ளாட்வவுண்ட் போட்டிருக்கிறேன். விலை அதிகம், ஆனால் கடற்காற்றுக்கும் கை வேர்வைக்கும் சாதாரணக் கம்பியை விட நெடுநாள் தாங்குகிறது, விரலும் வழுக்கிப் போகிறது. மணிக்கட்டு வலி முழுக்கப் போகவில்லை, குளிர்காலக் காலையில் கொஞ்சம் பிடிக்கும். வாசிக்கத் தொடங்கும் முன் வெந்நீரில் கையை வைத்துக்கொள்கிறேன், முக்கால் மணிநேரத்துக்கு ஒருமுறை பேஸைக் கீழே வைக்கிறேன். ஷார்ட் ஸ்கேல் கம்பி இங்கே கடைகளில் கேட்டவுடன் கிடைப்பதில்லை. ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டியிருப்பதால், கிறிஸ்துமஸுக்கு முன் வருகிற அட்வெந்து காலம் தொடங்க ஒரு மாதம் முன்பே ஒரு முழு செட்டும் தனியாக ஒரு ஈ கம்பியும் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.